அகற்றப்பட்டவை: காற்று, ஈரம்

கூம் ஸித்ர் மத்திய மருத்துவமனையில் எது செத்தாலும் அதற்கு ஓர் எண் உண்டு. மனிதன் செத்தால் எண் கிடைக்க மூன்று நாள் ஆகும். டியூப்லைட் செத்தால் அன்று மதியமே கிடைத்துவிடும். செத்த டியூப்லைட்டைக் கழற்றிக் கிடங்குக் காப்பாளர் ருஷ்தியிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்கி, அந்தச் சீட்டைக் காட்டினால்தான் புதியது வரும். அரசாங்கச் சொத்திலிருந்து எது வெளியே எடுக்கப்பட்டாலும், அது உடைந்த கண்ணாடியோ ஒற்றைத் திருகாணியோ, உடைசல் கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. ருஷ்தி இருபத்திரண்டு வருடமாக அந்த விதியோடு குடித்தனம் நடத்திவருகிறார். ஒரு முறை தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் தரையில் ஓடியபோது, ஒரு நர்ஸ் இரண்டு அட்டைத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அதைத் துரத்திப் பிடித்தாள். ருஷ்தி நிறுத்துப் பார்த்தார். இரண்டு கிராம் குறைந்தது. அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. நர்ஸ் ஓய்வு பெற்றுவிட்டாள்.

ஏசி மாட்டும் பகீத்துக்கு இதெல்லாம் தெரியாது. அந்த மருத்துவமனையை அவனுக்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்துதான் பழக்கம். மாதத்தின் முதல் வியாழக்கிழமை மருந்தறை ஜன்னலில் அட்டையை நீட்டி இன்சுலின் குப்பி வாங்கிப் போகும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன். ஜூன் மாதம் வாங்கிய குப்பியை வேளை தவறாமல் போட்டுக்கொண்டும் அவனுக்குச் சர்க்கரை முந்நூற்றெண்பதுக்கு ஏறியது. அவன் மனைவி தமியானா அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று தீர்மானித்தாள்.

"மாம்பழம் தின்னிருக்கீங்க."

"தின்னல."

"கையை நீட்டுங்க."

நீட்டினான். முகர்ந்து பார்த்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவியிருக்கீங்க, பிஷோய் அப்பா. தப்புப் பண்ணாதவன் எதுக்குக் கை கழுவணும்?"

தான் ஒருவேளை தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறோமோ என்றுகூட ஓர் இரவு யோசித்தான்.

ஜூலை மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, அதே மருந்தறையில் ஏசி மாட்டும்படி கம்பெனி அவனை அனுப்பியது. வெயில் நாற்பத்தாறு டிகிரி. கதவைத் திறந்த மருந்தாளர் டாக்டர் நக்வா மூக்குவரை முகக்கவசம் மாட்டியிருந்தாள்.

"வாங்க மெக்கானிக் உஸ்தா. மூக்கைப் பிடிச்சுக்கோங்க. அது மருந்து வாடை இல்ல, மீன் வாடை."

அறையில் இரண்டு குளிர்பெட்டிகள் இருந்தன. அறையே அடுப்பாக இருந்ததால் இரண்டும் ஓயாமல் ஓடி, ஒன்று மே மாதமே படுத்துவிட்டது. மற்றது முனகிக்கொண்டிருந்தது. அதில் கொள்ளாத குப்பிகளை நக்வா தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸ் போட்டு வைத்திருந்தாள். அந்த ஐஸ் மீன்காரர் முர்ஸியின் கடையில் மீன் விற்று முடிந்த பிறகு மிஞ்சியது. பெட்டியின் அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு குப்பியின் மேல் செதில் ஒட்டியிருந்தது. பகீத் அதை நகத்தால் சுரண்டி எடுத்தான். ஜூன் மாதக் குப்பியின் ரப்பர் மூடியில் வந்த வாடை அவனுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

"டாக்டரம்மா, போன மாசம் குடுத்ததும் இப்படித்தானா?"

"எந்த நாள் வாங்கினீங்க?"

"முதல் வியாழன்."

அவள் சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். "அன்னிக்கு ஐஸ் மதியத்துக்கு மேலதான் வந்தது," என்றாள். பிறகு, "அறை இருபத்தஞ்சுக்கு இறங்கினாப் போதும் உஸ்தா. இந்த ஒத்தக் குளிர்பெட்டியே சமாளிச்சுக்கும். நாளை மறுநாள் வியாழக்கிழமை. முந்நூறு பேர் வருவாங்க," என்றாள்.

"நாளை மறுநாள் எதுக்கு? இன்னிக்கு மதியம் சில்லுன்னு இருக்கும்," என்றான் பகீத். அது அவன் செய்த முதல் தவறு.

இரண்டாவது தவறு, வேலையை ஒழுங்காகச் செய்தது. வெளி யூனிட்டிலிருந்து உள் யூனிட்டுக்குப் போகும் செம்புக் குழாய்க்குள் காற்று இருக்கும். காற்று இருந்தால் ஈரம் இருக்கும். அந்த ஈரம் வெளி யூனிட்டில் அடைத்து வரும் குளிரூட்டும் கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்தால் புளித்து அமிலமாகி, கம்ப்ரசரின் வயிற்றை உள்ளேயிருந்து அரிக்கும். ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. அதனால் கேஸைத் திறப்பதற்கு முன் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்பைப் போட்டு அரை மணி நேரம் குழாயை வெறுமையாக்க வேண்டும். பிறகு வால்வை மூடிவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஏறுகிறதா என்று இன்னொரு அரை மணி நேரம் பார்க்க வேண்டும். ஏறினால் எங்கோ ஓட்டை. ஊரில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கேஸைத் திறந்து, காற்றை 'புஸ்' என்று வெளியே தள்ளியதாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

பகீத் தொழிற்பள்ளியின் மாலை வகுப்பில் ஒன்பது மாதம் படித்தவன். அங்கே அவனுக்கு மனதில் நின்றவை இரண்டு: முள்ளை அவசரத்தில் நம்பாதே, படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே.

முள் பூஜ்யத்துக்குக் கீழே அடிவரை இறங்கி, அரை மணி நேரம் ஆணி அடித்தது போல நின்றது. பதினொன்று இருபதுக்கு அவன் ஒப்படைப்புப் படிவத்தை எடுத்தான். ஒன்பதாவது கட்டத்தில் 'வேலையின்போது அகற்றப்பட்டவை' என்று இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். ஒன்றும் அகற்றவில்லை என்று எழுதினால் பொய். அரை மணி நேரம் பம்ப் ஓடியிருக்கிறது. தெளிவான கையெழுத்தில் 'காற்று, ஈரம்' என்று எழுதினான்.

ருஷ்தி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒன்பதாவது கட்டத்தில் அவருடைய விரல் நின்றது.

"உஸ்தா, இது என்ன?"

"வேக்கம் போட்டேன் பாஷா. குழாயில இருந்த காத்தை எடுத்தாச்சு."

"எடுத்தாச்சு. நல்லது. எங்க?"

"எது?"

"எடுத்தது."

பகீத் அறையைச் சுற்றிக் கையைப் பொதுவாக ஆட்டினான். "இங்கதான்... போயிருச்சு."

"அரசாங்கச் சொத்து போயிருச்சுன்னு சொல்றே."

"வெறும் காத்து, பாஷா."

ருஷ்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலைல எட்டு மணிக்கு இந்தக் குழாய் உன் கம்பெனி வண்டியில வந்தது. நான் ரசீது போட்டு வாங்கினேன். அப்ப அதுக்குள்ள காத்து இருந்ததா இல்லையா?"

"இருந்தது."

"ஒம்பது மணிக்கு உன் கையில குடுத்தேன். அப்ப?"

"அப்பவும் இருந்தது."

"இப்ப இல்ல. நடுவுல யார் இருந்தா? நீ ஒருத்தன்தான் இருந்தே."

பகீத் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்த இடத்திலும் ஓட்டை தெரியவில்லை. தன் வேலையில் ஓட்டை இருந்தால் முள் காட்டிக்கொடுத்துவிடும். ருஷ்தியின் பேச்சுக்கு அப்படி ஒரு முள் இல்லை.

"அதை அடிச்சிட்டு 'இல்லை'ன்னு எழுதிடட்டுமா?"

"மூணு நகல், நம்பர் போட்ட படிவம். அடிச்சா அது மோசடி. உள்ள போயிருவே." ருஷ்தியின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மொதல்லயே 'இல்லை'ன்னு எழுதியிருந்தா நான் இந்நேரம் டீ குடிச்சிட்டு இருப்பேன். சரி, அது அறையை விட்டு வெளிய போகலையே?"

"எங்க போகும், கதவைச் சாத்தித்தானே வெச்சிருந்தோம்," என்றாள் நக்வா, வாய் தவறி.

ருஷ்தி எழுந்து போய் ஜன்னலைத் தன் கையாலேயே சாத்தினார். கதவு இடுக்கில் பழைய செய்தித்தாளைச் செருகினார். "தொழில்நுட்பப் பிரிவு வந்து பாக்குற வரைக்கும் யாரும் தெறக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

மூன்று பேரும் ஒரு மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் பெட்டிகளிலிருந்து மீன் தண்ணீர் கசிந்து தரையில் ஓடியது. ருஷ்தியின் கழுத்திலிருந்து வேர்வை சட்டைக்குள் இறங்கியது. அவர் அசையவில்லை. காணாமல் போன காற்று தன் கண்முன்னேதான் இருக்கிறது என்ற நிம்மதியில் அதை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.

தொழில்நுட்பப் பிரிவின் எஞ்சினியர் லுத்ஃபி பன்னிரண்டரைக்குக் கதவைத் தட்டினார்.

"பக்கவாட்டுல நுழைங்க எஞ்சினியர் சார். அகலத் தெறக்காதீங்க," என்றார் ருஷ்தி.

லுத்ஃபி தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார். விஷயத்தைக் கேட்டதும் பகீத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வேக்கமா? உன்னை யாருய்யா போடச் சொன்னது? இந்தக் கட்டடத்துல ஒம்பது ஏசி என் மேற்பார்வையில மாட்டினது. பத்தே நிமிஷம். நட்டைத் தளர்த்தி கேஸைத் தெறந்து விட்டோம். காத்து உள்ளயே இருந்துச்சு. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கல."

"அந்த ஒம்பதும் இப்ப எங்க சார்?"

லுத்ஃபி ருஷ்தியைப் பார்த்தார். ருஷ்தியின் முகம் மலர்ந்தது. "எட்டு என்கிட்ட இருக்கு. முழுசா இருக்கு. ஒரு திருகாணி குறையல."

"ஒம்பதாவது?"

"டைரக்டர் ரூம்ல. மார்ச்சுலதான் மாட்டினோம். கல்லு மாதிரி ஓடுது," என்றார் லுத்ஃபி.

இரண்டு மணியோடு அலுவலகம் முடியும்; இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மறுநாள் காலை ஒரு குழு கூடி முடிவெடுக்கும் என்றும், அதுவரை கேஸைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு இருவரும் பக்கவாட்டில் வெளியேறினார்கள். நக்வா ஜன்னலைத் திறந்தாள். பகீத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமைக் குழுவில் ருஷ்தி தலைவர், லுத்ஃபி நிபுணர். மருந்தறையைப் பயன்படுத்துபவர் என்ற முறையில் நக்வாவும் உறுப்பினர். அவள் இரவு முழுவதும் முர்ஸியின் கடைக்கும் மருந்தறைக்கும் இடையே நடந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"சாமான் தொலைஞ்சா, அதே ரகம், அதே அளவு திருப்பிக் குடுத்தா ஏத்துக்கலாம். விதியில இருக்கு," என்று ருஷ்தி ஆரம்பித்தார். "அதனால எடுத்த காத்தை மொதல்ல அதே குழாய்க்குள்ள திருப்பி வைக்கணும். அப்புறம் குழு முன்னாடி முறைப்படி எடுத்து ஒப்படைக்கணும்."

"பாஷா, இது நல்ல வேக்கம். இருபது மணி நேரமா முள் அசையல," என்றான் பகீத்.

"முள் அசையலைங்கிறது உன் பெருமை. சாமான் வந்து சேரலைங்கிறது என் கவலை."

பகீத் வால்வைத் திறந்தான். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. துவைத்துக் காயவைத்த துணியை மறுபடி சாக்கடையில் முக்கியெடுக்கச் சொன்னது போல இருந்தது அவனுக்கு.

"வந்திருச்சா?" என்று கேட்டார் லுத்ஃபி.

"வந்திருச்சு."

"முழுசா?"

"ஒரு பொட்டு குறையல சார்," என்றான் பகீத். தனக்கும் இப்படிப் பேச வந்துவிட்டதே என்று அவனுக்கே பயமாக இருந்தது.

அடுத்து, எடுக்கும் காற்றை எதில் பிடிப்பது என்ற கேள்வி எழுந்தது. வாளியை ருஷ்தி ஏற்கவில்லை, மூடி இல்லை. பிளாஸ்டிக் பையை லுத்ஃபி ஏற்கவில்லை, தரச்சான்று இல்லை. இருபது நிமிடம் இதைக் கேட்ட நக்வா, "ஆபரேஷன் கிளவுஸ் ஒண்ணு தர்றேன், அதுல ஊதிப் புடிச்சு வெச்சுக்கோங்க," என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ருஷ்தி பேனாவை எடுத்தார்.

"சைஸ் ஏழரையா, எட்டா?"

கையுறையின் வாயைப் பம்பின் காற்று வெளியேறும் குழாயில் மாட்டி ரப்பர் பாண்டு போட்டார்கள். பம்ப் இரைந்தது. முதலில் உள்ளங்கை புடைத்தது. பிறகு கட்டைவிரல் எழுந்தது. பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக விறைத்தன. சுண்டுவிரல் கடைசிவரை யோசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. பம்பின் எண்ணெய்ப் புகை உள்ளே போய், கை முழுவதும் பழுப்பாக வியர்த்தது. தண்ணீரில் பல நாள் ஊறிய பிணத்தின் கை போல அது மருந்து மேசையில் படுத்திருந்தது.

"காற்று வந்தது," என்று ருஷ்தி எழுதினார். "ரெண்டாவது இனம், ஈரம். அது எங்க?"

லுத்ஃபி கையுறையின் வாயருகே விரலை வைத்துத் தேய்த்தார். "வழுவழுன்னு இருக்கே."

"அது பம்ப் ஆயில் சார்."

"ஈரமா இருக்கா, இல்லையா?"

"ஈரமாத்தான் இருக்கு."

"எழுதுங்க ருஷ்தி. நிபுணர் தடவிப் பார்த்தார், ஈரம் உண்டு."

பிறகு மருந்துத் தராசில் நிறுத்தார்கள். வெறும் கையுறை ஒன்பது கிராம். ஊதிய கையுறை ஒன்பது கிராம்.

"அப்ப காத்து எவ்வளவு?" என்று கேட்டாள் நக்வா.

"பூஜ்யம் கிராம்," என்று சொல்லிக்கொண்டே ருஷ்தி எழுதினார். "சிரிக்காதீங்க டாக்டரம்மா. பூஜ்யமும் ஒரு எண்தான். கட்டத்துல எண் இருக்கணும். எவ்வளவுங்கிறது அடுத்த விஷயம்."

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு என்று ஓர் அட்டை எழுதி, அரசாங்கக் கழுகு முத்திரை குத்தி, கையுறையின் நடுவிரலில் கட்டினார்கள். டைரக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. டைரக்டர் டாக்டர் ஷௌக்கி ஒரு மணிக்கே கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே மருந்தறை ஜன்னலில் வரிசை நின்றது. சந்தைக்கு அன்று மீன் வரவில்லை. அதனால் ஐஸும் இல்லை. குளிர்பெட்டியின் உள்ளே பதினேழு டிகிரி காட்டியது. எட்டுக்குள் இருக்க வேண்டியது. நக்வா ஜன்னலைத் திறக்காமல் உள்ளே நின்றுகொண்டிருந்தாள். வெளியே யாரோ, "டாக்டரம்மா, மருந்து குடுக்கறீங்களா இல்ல பொரிச்சுக் குடுக்கறீங்களா?" என்று கத்தினார்கள்.

கையுறையைச் சீக்கிரம் டைரக்டரிடம் கொண்டுபோகும்படி ருஷ்தியிடம் சொல்லலாம் என்று பகீத் உடைசல் கிடங்குக்குப் போனான். வாசலிலேயே எட்டு ஏசிகள் சுவரோரமாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் அட்டை, எண், தேதி, முத்திரை. ஒன்றின் குழாய் வாயில் விரலை விட்டு எடுத்தான். கறுப்பு எண்ணெய். முகர்ந்தான். புளித்திருந்தது. எட்டையும் அப்படியே பார்த்தான். ஏழு புளித்திருந்தன. எட்டாவதில் எண்ணெயே இல்லை.

அலமாரிக்குப் பின்னாலிருந்து யாரோ மூச்சு முட்டுவது போலச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தான். இரவோடு இரவாகக் கையுறை வாடிச் சுருங்கிப் போயிருந்தது. ருஷ்தி அதை வாயில் வைத்துக் கன்னம் இரண்டும் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். உதட்டைச் சுற்றிப் பம்ப் எண்ணெய் மீசை வரைந்திருந்தது. பகீத்தைப் பார்த்ததும் வாயை எடுக்காமலேயே, விரலைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். சுண்டுவிரல் நிமிர்ந்த பிறகு முடிச்சுப் போட்டார்.

"இருப்புல கொஞ்சம் குறைஞ்சிருந்தது. சரி பண்ணிட்டேன்."

"அது உங்க மூச்சு பாஷா."

"காத்துதானே?" ருஷ்தி கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். "வெறும் காத்துன்னு நீதானே சொன்னே."

டைரக்டர் பத்தரைக்கு மருந்தறைக்கே நேரில் வந்தார். அவருடைய ஆள் கைபேசியில் படம் எடுக்க, கையுறையோடு கைகுலுக்குவது போல நின்றார். எண்ணெய் ஒட்டியதும் நக்வாவின் வெள்ளை அங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு வார்த்தை பேசினார்.

"வெளிய நம்ம மருத்துவமனையைப் பத்தி என்னென்னமோ சொல்றாங்க. இதைப் பாருங்க. இங்க இருந்து காத்துகூட கணக்கில்லாம வெளிய போகாது. மருந்து கெட்டுப்போறது வெயிலோட வேலை, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? காகிதம் கெட்டுப்போனா அது நம்ம வேலை. இங்க இன்னைக்கு வரைக்கும் ஒரு காகிதம் கெட்டதில்ல. எத்தனை நோயாளி வந்தாங்க, எத்தனை பேர் போனாங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் எந்த அலமாரியில இருக்குன்னு தெரியும்." ஜன்னலுக்கு வெளியே சத்தம் வந்ததும் திரும்பினார். "யார் அவங்க?"

"நோயாளிங்க, டாக்டர்," என்றாள் நக்வா.

"இவ்வளவு பேரா," என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, கையெழுத்தைப் போட்டுத் தன் குளிர்ந்த அறைக்குப் போனார்.

பகீத் மறுபடியும் பம்பைப் போட்டான். அரை மணி நேரம் ஓட்டம், அரை மணி நேரம் காத்திருப்பு. முள் அசையவில்லை. இந்த முறை அவன் எதையும் எழுதவில்லை. ஆலன் கீயால் கேஸைத் திறந்தான். செம்புக் குழாய் வேர்த்தது. ஒன்றரைக்கு அறை இருபத்து நான்கு டிகிரிக்கு வந்தது. நக்வா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஏசிக்கு நேர் கீழே போய்க் கண்ணை மூடி நின்றாள். வரிசையை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை புதிய சரக்கு குளிர்ந்த அறையில் வந்து இறங்கியது.

ஜூலை முடிவதற்குள் பகீத்தின் சர்க்கரை நூற்று நாற்பதுக்கு இறங்கியது. தமியானா பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? மாம்பழத்தை நிறுத்தினதும் எப்படி இறங்குதுன்னு."

அவன் மனதுக்குள் ஒரு முள் அடிவரை இறங்கி அசையாமல் நின்றது. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் டைரக்டர் அறையில் கல்லு மாதிரி ஓடிக்கொண்டிருந்த ஒன்பதாவது ஏசி கல்லு மாதிரி நின்றது. அதற்கும் அட்டை, எண், முத்திரை கிடைத்தன. டைரக்டர் வியர்வையோடு இரண்டு நாள் கோப்பு பார்த்தார். மூன்றாம் நாள் ஓர் உத்தரவு போட்டார்.

செப்டம்பர் மாதத்து முதல் வியாழக்கிழமை பகீத் அட்டையோடு வரிசையில் பதினான்காவது ஆளாக நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மருந்தறைக்குள் ஏணி போட்டு இரண்டு ஆட்கள் ஏறியிருந்தார்கள். கீழே லுத்ஃபி தோல் பையோடு நின்றார். பகீத் வரிசையை விட்டு ஜன்னலுக்கு ஓடினான்.

"சார், என்ன பண்றீங்க?"

"இது டைரக்டர் ரூமுக்குப் போகுது. தற்காலிகமா. மருந்துத் தட்டுப்பாடு பத்தின கூட்டமெல்லாம் அங்கதான் நடக்குது."

"அப்படியே கழட்டாதீங்க சார். ஒரு வால்வை மூடிட்டு ஏசியை ஓட விடுங்க, கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள்ள போயிரும். அப்புறம் கழட்டுங்க. அஞ்சே நிமிஷம். நான் வந்து பண்றேன்."

"வரிசையில நில்லு உஸ்தா," என்றார் லுத்ஃபி. "இன்னைக்கு நீ நோயாளி."

ஏணியில் இருந்தவன் நட்டைத் திருகினான். குழாய் அலறியது. வெள்ளைப் புகை சுவரில் அடித்து, மருந்துப் பெட்டிகளின் மேல் எண்ணெயைத் துப்பியது. வரிசையில் நின்றவர்கள் ஒரு நொடி ஜன்னல் வழியாக வந்த குளிரை முகத்தில் வாங்கிக்கொண்டார்கள். யாரோ, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார்கள். பிறகு சத்தம் மெலிந்து நின்றது. கேஸ் முழுவதும் போய்விட்டது.

ருஷ்தி படிவத்தோடு வந்தார். நாற்காலி இழுத்துப் போட்டுக் கண்ணாடியை மாட்டினார். ஒன்பதாவது கட்டத்துக்கு வந்தார்.

"எஞ்சினியர் சார், வேலையின்போது அகற்றப்பட்டவை?"

"இல்லை," என்றார் லுத்ஃபி.

ருஷ்தி 'இல்லை' என்று எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கழுகு முத்திரை இறங்கியது. பகீத் ஜன்னலுக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரியாக நான்கு நிமிடம்.

டைரக்டர் அறையில் மாட்டப்பட்ட பிறகு அந்த ஏசியில் கேஸ் இல்லை. காற்று நிறைய இருந்தது. அதைச் சுவரில் மாட்டிய வேகத்திலேயே உடைசல் கிடங்கில் பத்தாவது இடத்துக்கு அட்டை எழுதப்பட்டது. அதே கிடங்கில் ஓர் அலமாரியில் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு மட்டும், வாரா வாரம் யாரோ ஊதிவிடுவதால், இன்னும் நிமிர்ந்த விரல்களோடு இருக்கிறது.

பகீத்தின் முறை வந்தபோது நக்வா மறுபடி முகக்கவசம் மாட்டியிருந்தாள். அவன் கண்ணைப் பார்க்காமல் குப்பியை நீட்டினாள். குப்பி நனைந்திருந்தது.

"ஏசியை மூணு நாளா போட விடல. முர்ஸி இன்னிக்கு நேரத்தோட குடுத்தாரு," என்று மட்டும் சொன்னாள்.

பத்தாம் நாள் சர்க்கரை முந்நூற்றறுபது. பகீத் அப்போதுதான் ஊசி போட்டுவிட்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தமியானா சமையலறையிலிருந்து வந்து சீட்டைப் பார்த்தாள்.

"கையை நீட்டுங்க."

நீட்டினான். அவள் குனிந்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"மாம்பழம் இல்ல," என்றாள். அவன் கையை விடாமலேயே கேட்டாள்: "யார் வீட்டுல மீன் தின்னுட்டு வர்றீங்க?"